யாருடைய வயிறு?

ஏழை வீட்டில் மூன்றாவது குழந்தை பிறந்தால் நம்மில் படித்தவர்கள் அதைக் குழந்தை என்று சொல்வதில்லை. ஜனத்தொகை என்று சொல்லுகிறார்கள். அதே குழந்தை அவர்கள் வீட்டில் பிறந்திருந்தால் வம்சம் விளங்கிற்று என்று தெருவுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்திருப்பார்கள். 'இந்தக் கூலி ஜனங்கள் எதற்காக ஐயா இப்படிப் பெற்றுத் தள்ளுகிறார்கள்?' என்ற கேள்வியை ரயிலிலே, கல்யாணப் பந்தியிலே, டாக்டர் வீட்டுத் திண்ணையிலே நான் கேட்டிருக்கிறேன். கேட்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். கோயிலுக்குக் கொடுக்கிறவர்கள், பேரன் பேத்திகளை மடியில் வைத்துக் கொஞ்சுகிறவர்கள். ஆனால் இன்னொருத்தியின் வயிற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லத் தங்களுக்கு அதிகாரம் உண்டு என்பதில் மட்டும் அவர்களுக்கு ஒரு துளியும் சந்தேகம் கிடையாது.

அந்த அதிகாரத்தை யார் கொடுத்தார்கள் என்பதுதான் என் வழக்கு.

முதலில் சர்க்காரை எடுத்துக்கொள்வோம். 1976-77ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 80 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை அறுவை நடந்தது. வாத்தியாருக்கு இத்தனை தலை, தாசில்தாருக்கு இத்தனை தலை என்று கணக்கு நிர்ணயித்து, ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்போது பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1977இல் தேர்தல் வந்தது; ஆட்சி கவிழ்ந்தது. கவிழ்ந்ததற்குக் காரணங்கள் பல உண்டு. வடநாட்டு ஆண்களின் இந்தக் கோபமும் அவற்றில் ஒன்று என்பதை அரசியல்வாதிகள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். புரிந்துகொண்டு என்ன செய்தார்கள்? அறுவையை நிறுத்தவில்லை. ஆணை விட்டுவிட்டுப் பெண்ணிடம் போனார்கள்.

பலன் இன்று கண்ணுக்குத் தெரிகிறது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பிள்ளை பெறும் வயதிலுள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு 58 பேர் அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது? ஆயிரத்துக்கு ஒன்று. இத்தனைக்கும் ஆணுக்குச் செய்வது சுலபம். வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. சிறிது நேரத்து வேலை. ஆனாலும் நம் வீட்டு ஆண்பிள்ளைக்குப் 'பலம் குறைந்துவிடும்'. காலையில் எழுந்து ஒன்றரைக் குடம் தண்ணீரை இடுப்பில் சுமந்து வருகிறவளுக்குப் பலம் குறைந்தால் பரவாயில்லை.

2014 நவம்பரில் சத்தீஸ்கரில் பிலாஸ்பூருக்குப் பக்கத்தில் ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். பன்னிரண்டுக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். இந்த முகாம் கூத்தையே மூன்று ஆண்டுக்குள் ஒழித்துக் கட்டுங்கள் என்று 2016இல் உச்சநீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெண்களின் சாவினால் எந்த ஆட்சியாவது கவிழ்ந்ததா என்று வாசகர்களே நினைத்துப் பாருங்கள்.

இப்போது காற்று வேறு பக்கம் அடிக்கிறது. 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாண மேடையில், முன்பெல்லாம் அவசரப்படாதீர்கள் என்று சொன்னோம், இப்போது உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மணமக்களுக்கு யோசனை சொன்னார். பாராளுமன்றத் தொகுதிகளை ஜனத்தொகைப்படி பிரித்தால் தமிழ்நாட்டின் பங்கு குறைந்துவிடுமே என்பது அவருடைய கவலை. அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்தைத் தண்டிப்பது அக்கிரமம். ஆனால் அக்கிரமத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது டில்லி. அதற்கு ஒரு பெண்ணின் வயிறு ஏன் ஜாமீன் நிற்க வேண்டும்? ஒரு தலைமுறைக்கு மூடு என்றும் அடுத்த தலைமுறைக்குத் திற என்றும் சொல்வதற்கு அது என்ன முனிசிபாலிட்டிக் குழாயா?

சரி, இது எல்லாப் பெண்களுக்கும் பொதுவான கதை. எனக்கு இங்கே முக்கியமாகச் சொல்ல வேண்டியது, ஊரை விட்டுப் போய்ப் பிழைக்கிறவளைப் பற்றி.

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் போகிற சாலையில், கள்ளக்குறிச்சிக்கு முன்னால் இருக்கிறது தியாகதுருகம். ஊருக்கு மேலே ஒரு குன்று. அதன் தலையில் பாழடைந்த கோட்டை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயனும் பிரெஞ்சுக்காரனும் மைசூர்க்காரனும் மாறி மாறி அடித்துக்கொண்ட கோட்டை அது. யார் பிடித்தார்கள், யார் விட்டார்கள் என்பதெல்லாம் சரித்திரப் புஸ்தகத்தில் இருக்கிறது. அந்தக் கோட்டைக்குக் கீழே போகிற சாலையில் மூட்டை முடிச்சோடு வண்டியேறிப் போகிற குடும்பங்களைப் பற்றி ஒரு வரியும் கிடையாது.

சுற்றிலும் கரும்பு. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். மேற்கே கல்வராயன் மலை. ஜாகீர்தார்களுக்குக் கூலியில்லாமல் உழைத்துக் கிடந்த அந்த மலை ஜனங்கள் சர்க்காரின் நேரடிப் பார்வைக்கு வந்ததே 1970களில்தான். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019இல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் 60க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகுதான் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலையைத் திரும்பிப் பார்த்து, அங்கே சாலை எங்கே, ஆஸ்பத்திரி எங்கே என்று தானாகவே வழக்கெடுத்துக் கேட்டது. நியாயத்துக்குக் கூட நம் நாட்டில் சாராய வாடை அடித்தால்தான் விழிப்பு வருகிறது.

மலையில் மழை பொய்த்தால் ஜனங்கள் இறங்குகிறார்கள். கேரளத்துக்கு, கர்நாடகத்துக்கு, திருப்பூருக்கு. கரும்பு வெட்டவும் செங்கல் அறுக்கவும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியுமாகப் போகிறார்கள். போகிறவளுக்கு மூன்றாவது மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் எங்கே பதிவு செய்துகொள்வாள்?

தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் மகப்பேறு உதவி இருக்கிறது. 18,000 ரூபாய், அதில் 14,000 ரொக்கம், மிச்சம் சத்துணவுப் பெட்டகம். நல்ல திட்டம், தேசத்துக்கே முன்மாதிரி என்று சொன்னாலும் தகும். ஆனால் காலத்தோடு கிராம நர்சிடம் பதிந்து, தவணைக்குத் தவணை பரிசோதனைக்கு வந்தவளுக்குத்தான் அது கிடைக்கும். அதுவும் முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். ஐப்பசியில் ஒரு வயலிலும் தையில் இன்னொரு ஜில்லாவிலும் இருக்கிறவளுக்கு எந்த நர்ஸ், எந்தத் தவணை? உழைக்காமல் வீட்டிலிருப்பவளுக்குச் சுலபமாகவும், உழைத்துத் திரிகிறவளுக்குக் கஷ்டமாகவும் ஓர் உதவியை அமைப்பதற்குத் தனி சாமர்த்தியம் வேண்டும்.

பேறுகாலச் சட்டம் 1961லேயே வந்தது. 2017இல் அதைத் திருத்தி 26 வாரம் சம்பளத்தோடு லீவு என்றார்கள். ஆபீஸில் இருக்கிறவர்களுக்கு அது கிடைத்தது. கிடைக்கட்டும், நன்றாக இருக்கட்டும். மேஸ்திரியின் கீழே கரும்பு வெட்டுகிறவளுக்கு 26 நாழிகை லீவு உண்டா? வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று 1979இல் ஒரு சட்டம் போட்டார்கள். அதன் கணக்கில் மாநில எல்லையைத் தாண்டினவர்தான் புலம்பெயர்ந்தவர். மலையிலிருந்து திருப்பூருக்குப் போனவள் எல்லை தாண்டவில்லை. ஆகவே அவள் எங்கும் போகவில்லை! அந்தச் சட்டத்தையும் 2020இல் பெரிய தொகுப்புச் சட்டம் ஒன்றில் கரைத்துவிட்டார்கள்.

இதன் கடைசிப் படி எது என்று பார்க்க வேண்டுமானால் மகாராஷ்டிரத்துப் பீட் ஜில்லாவைப் பார்க்க வேண்டும். அங்கிருந்து லட்சக்கணக்கானவர்கள் ஆண்டுதோறும் கரும்பு வெட்டப் போகிறார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கணக்கில் ஒரு 'கோய்தா' - அதாவது ஓர் அரிவாள். இரண்டு மனிதர்கள் சேர்ந்தால் ஓர் ஆயுதம்! ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். வயலில் கக்கூஸ் கிடையாது, துணி மாற்ற மறைவு கிடையாது. வீட்டுக்குத் தூரமான நாளில் வலியோடு வெட்டியாக வேண்டும். 'கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது' என்று ஒருவன் சொல்ல, 'எடுக்காவிட்டால் புற்றுநோய் வரும்' என்று தனியார் ஆஸ்பத்திரிக்காரன் பயமுறுத்த, கடன் வாங்கி எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கடனை அடைக்க மறுபடியும் கரும்பு வெட்டப் போனார்கள். 2019இல் சட்டசபைக் கேள்விகளுக்குப் பிறகு அமைத்த குழு 82,000க்கு மேற்பட்ட பெண்களை விசாரித்தது. 13,000க்கு மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பை இல்லை. பலர் நாற்பதைத் தொடாதவர்கள்.

உங்கள் காப்பியில் சர்க்கரை கரைந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

'அது மராட்டியம், நம்மிடம் அப்படி இல்லை' என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். 2019இல் நம்முடைய ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்கள் சுமார் நூறு பேரிடம் ஒரு வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் விசாரித்தது. மாதாந்திர வலிக்கு அவர்களுக்குப் பெயர் ஒட்டாத மாத்திரைகளைக் கொடுத்து, தையல் மிஷினை விட்டு எழுந்திருக்காமல் பார்த்துக்கொண்டார்கள் என்று வெளிவந்தது. அரிவாளுக்குப் பதில் மிஷின், அவ்வளவுதான் வித்தியாசம்.

'கட்டாயப்படுத்தினார்களா? அவளே கைநாட்டு வைத்தாளே!' என்பார்கள் சட்டம் தெரிந்தவர்கள். இந்தக் கைநாட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துப் பொது ஆஸ்பத்திரி ஒன்றில் 1970களின் தொடக்கத்தில் மெக்ஸிகோவிலிருந்து பிழைக்க வந்த பெண்கள் பிரசவத்துக்குப் போனார்கள். இடுப்பு வலியில் துடித்துக்கொண்டிருந்தபோது ஆங்கிலக் காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். அவர்களுக்குத் தெரிந்தது ஸ்பானிஷ். குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்து, மாதங்கள் கழித்துத்தான் இனிப் பிள்ளை இல்லை என்று சிலருக்குத் தெரிந்தது. பத்துப் பெண்கள் 1975இல் வழக்குப் போட்டார்கள். மத்ரிகல் வழக்கு என்று அதற்குப் பெயர். 1978இல் நீதிபதி அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்; கெட்ட எண்ணத்தோடு டாக்டர்கள் செய்யவில்லையாம், ஏதோ பேச்சுப் புரியாமல் நேர்ந்துவிட்டதாம்! தோற்றார்கள். ஆனாலும் அந்தத் தோல்விதான் காகிதத்தை ஸ்பானிஷ் பாஷையில் அச்சடிக்க வைத்தது. கையெழுத்துக்கும் கத்திக்கும் நடுவே யோசிக்க நாள் விட வேண்டும் என்று விதி வரச் செய்தது. தனக்கு மேலே நின்று பேசுகிறவனின் பாஷை தெரியாதவளுடைய சம்மதத்தைச் சம்மதம் என்று சொல்வது எப்படித் தர்மமாகும் என்று அந்தப் பத்துப் பேரும் ஓர் ஊரையே கேட்டார்கள்.

இது பழங்கதை என்றும் நினைக்க வேண்டாம். அதே அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்துச் சிறைமுகாமில் அடைபட்ட குடியேறிப் பெண்களுக்குத் தேவையில்லாத அறுவைகளும் பரிசோதனைகளும் நடந்தன என்று 2020இல் ஒரு நர்ஸ் வெளியே சொன்னாள். 2022இல் செனட் சபையின் குழு விசாரித்து அதில் உண்மை இருக்கிறது என்றே அறிக்கை கொடுத்தது.

நம் ஜனங்கள் கதை இதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. இலங்கை மலையகத்துத் தோட்டங்களுக்கு நம் ஜில்லாக்களிலிருந்துதான் கங்காணிகள் ஆள் கட்டிக்கொண்டு போனார்கள். 1948இல் அங்கே சட்டம் போட்டு அவர்களை நாடற்றவர்கள் ஆக்கினார்கள். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்துக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் இன்னொரு வாசகமும் இருந்தது: இவர்களுடைய இயற்கைப் பெருக்கமும் இதில் சேர்த்தி. அதாவது பிறந்த பிள்ளைகளை மட்டுமல்ல, பிறக்கப்போகிற பிள்ளைகளையும் பங்கு போட்டாயிற்று! அந்தத் தோட்டத்து லயங்களில்தான் 1980களில் கருத்தடை அறுவைக்கு 500 ரூபாய் ஊக்கத்தொகை என்று சர்க்கார் கொடுத்தது. தினக்கூலிக்காரியின் வறுமைக்கு முன்னால் 500 ரூபாயை வைத்துவிட்டு, 'உன் இஷ்டம்' என்று சொல்வது எப்படிப்பட்ட இஷ்டம்?

இந்த அநியாயத்தை நினைத்து நாம் கொதிக்கிறோம், கொதிக்க வேண்டியதுதான். ஆனால் அதே வாயால் இன்று நம் செங்கல் சூளைக்கு ஒரிஸாவிலிருந்து வந்திருக்கிற பெண்ணையும், கட்டட வேலைக்குப் பீஹாரிலிருந்து வந்திருக்கிற பெண்ணையும் 'வடக்கத்திக் கூட்டம், வந்து பெருகுகிறது' என்று பேசுகிறோம். லயத்துத் துரை நம் பாட்டியைப் பற்றி என்ன நினைத்தானோ அதைத்தான் நாம் அவளைப் பற்றி நினைக்கிறோம். அவளுக்குத் தமிழ் தெரியாது. நம் ஆஸ்பத்திரியில் அவளிடம் நீட்டப்படுகிற காகிதம் தமிழிலோ ஆங்கிலத்திலோ இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸுக்கும் நமக்கும் எவ்வளவு தூரம்?

'எல்லாம் சரி, இதற்கெல்லாம் சங்கம், போராட்டம் என்று எதற்கு? சர்க்காருக்கு மனு எழுதினால் போதாதா? பெண்கள் மேடையேறிக் கர்ப்பப்பை, மாதவிலக்கு என்று பேசுவது நம் பண்பாட்டுக்கு அழகா?' என்று சில பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அவர்களுக்கு என் பதில் இது. அறுத்து எடுக்கும்போது அழியாத பண்பாடு, பேசும்போது மட்டும் எப்படி அழியும்? தாய்மையைப் பற்றி நம்மைப் போல் பாடிக் குவித்த ஜாதி உலகத்தில் இல்லை. நம் கதாசிரியர்களுக்கோ ஒரு தாயை அழவைக்காவிட்டால் பேனா ஓடாது. அந்தத் தாய் கரும்புத் தோட்டத்து வரப்பில் பிரசவித்தால் மட்டும் அது அச்சேறத் தகுதியில்லாத விஷயமாகிவிடுகிறது.

மனு எழுதி என்ன கிடைத்தது, கூட்டம் கூடி என்ன கிடைத்தது என்று கணக்குப் பார்க்கலாம். பீட் ஜில்லாவில் கரும்பு வெட்டும் பெண்களே மகிளா ஊஸ்தோட் காம்கார் சங்கடனா என்று தங்களுக்கென ஒரு சங்கம் கண்டார்கள். அவர்களும் அவர்களுக்குத் துணை நின்றவர்களும் வாய் திறந்த பிறகுதான், தனியார் ஆஸ்பத்திரி கர்ப்பப்பையை எடுப்பதற்கு முன் ஜில்லா சர்ஜனைக் கேட்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. 2023இல் உச்சநீதிமன்றமும் தேவையற்ற கர்ப்பப்பை அறுவையைத் தடுக்கும் விதிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்தில் நடைமுறைக்குக் கொண்டு வரச் சொன்னது. நம் திண்டுக்கல்லில் ஆலைப் பெண் ஒருத்தி 2021இல் மேற்பார்வையாளனால் கொல்லப்பட்ட பிறகு, தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடி, 2022இல் ஆலை முதலாளியையும் கடல் கடந்த துணி வியாபாரிகளையும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தது. பெண்ணைத் தொந்தரவு செய்தால் ஆர்டர் போய்விடும் என்ற பயத்தை அவர்கள் உண்டாக்கினார்கள். எந்த மனுவும் அந்தப் பயத்தை உண்டாக்கியதில்லை.

1994இல் சிகாகோவில் பன்னிரண்டு நீக்ரோ இனப் பெண்கள் - இன்று அவர்கள் தங்களைக் கறுப்பினத்தவர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அதுவே மரியாதை - கூடி ஒரு கொள்கைக்குப் பெயர் வைத்தார்கள். அதை நம்மவர்கள் 'இனப்பெருக்க நீதி' என்று மொழிபெயர்க்கிறார்கள். கேட்டால் கால்நடை இலாகா ஞாபகம் வருகிறது. நான் பிள்ளைப்பேற்று நீதி என்பேன். அதற்கு மூன்று கால்கள். வேண்டாம் என்றால் பெறாதிருக்க உரிமை. வேண்டும் என்றால் பெற்றுக்கொள்ள உரிமை. பெற்ற பிள்ளையைப் பயமில்லாமல் வளர்க்க உரிமை. நம் சர்க்கார் முதல் காலைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் ஒடித்துவிட்டது. மெக்ஸிகோவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் வந்து அமெரிக்காவில் கூலி செய்கிற பெண்கள் அந்த மூன்றோடு நாலாவதாக ஒன்றைச் சேர்த்தே கேட்கிறார்கள்: கையில் காகிதம் இல்லை என்பதற்காக என் உடம்பின் மேல் எனக்குள்ள உரிமை போய்விடாது.

நம் நாட்டில் இந்தப் பேச்சுக்கு நீதிமன்றமும் காது கொடுத்திருக்கிறது. தருமபுரி ஜில்லாவில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியைக்கு மூன்றாவது பிள்ளை என்று சொல்லிப் பேறுகால லீவை மறுத்தார்கள். 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம், அந்த லீவு பெண்ணின் பிள்ளைப்பேற்று உரிமையில் ஒரு பகுதி என்று சொல்லி மறுப்பைத் தள்ளிற்று. நல்ல தீர்ப்பு. ஆசிரியைக்குச் சம்பளம் இருந்தது, வக்கீல் வைக்க முடிந்தது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிற பெண்ணுக்கு அந்தத் தீர்ப்பை யார் வாசித்துக் காட்டுவது?

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். மகப்பேறு உதவி முகவரியைத் தேடாமல் அந்தப் பெண்ணைத் தேடி வரட்டும். எந்த ஊர் ஆஸ்பத்திரியில் நின்றாலும், எந்தப் பாஷை பேசினாலும், எத்தனாவது பிள்ளையானாலும் கொடுக்கட்டும். கரும்பு வயலிலும் சூளையிலும் தண்ணீரும் மறைவிடமும் இல்லாத இடத்தில் வேலை நடக்கக் கூடாது. அவளுக்குப் புரிகிற பாஷையில் சொல்லாமல், யோசிக்க நாள் கொடுக்காமல், அவள் உடம்பில் கத்தி வைக்கக் கூடாது. பிரசவ வலியில் வாங்கிய கையெழுத்து செல்லக் கூடாது. முன்பணக் கணக்கில் கணவனும் மனைவியும் ஓர் அரிவாள் அல்ல, இரண்டு ஆள். கூலியும் இரண்டு கையில். இதையெல்லாம் கேட்க அவர்கள் சங்கம் சேர்ந்தால் கலகக்காரிகள் என்று பட்டம் கட்டக் கூடாது.

இதில் எது அதிகம் என்று எனக்குத் தெரியவில்லை. நம் வீட்டுப் பெண்ணுக்கு இவற்றில் ஒன்று குறைந்தாலும் நாம் சும்மா இருப்போமா? டாக்டரை மாற்றுவோம், பத்திரிகைக்கு எழுதுவோம், தெரிந்த மந்திரியைப் பார்ப்போம். அவளுக்குத் தெரிந்த மந்திரி இல்லை. கூடச் சேர்ந்து நிற்க அவளைப் போன்ற இன்னொருத்திதான் இருக்கிறாள். அடுத்த முறை உங்கள் பக்கத்தில் யாராவது 'இவர்கள் ஏன் இத்தனை பெறுகிறார்கள்' என்று ஆரம்பித்தால், தயவுசெய்து அவரைப் பேசி முடிக்க விடாதீர்கள். 'ஐயா, அது யாருடைய வயிறு?' என்று கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.